என் மேஜையை மறித்துக் கிடக்கும் பேஸ் கித்தார்

1

எல்லாரும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எங்கே போய் நிற்க வேண்டும் என்று விரலே கண்டுபிடித்துவிடும், என்று அவள் நினைத்தாள். சொல்லவில்லை.

முதல் வரி இதுதான், மற்றதெல்லாம் எழுதிய பிறகு கடைசியில் சேர்த்தது. எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் வாயே திறக்கவில்லையே, உனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நான் பக்கத்தில் நின்றிருந்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த 'எல்லாரும்' என்பதில் நானும் அடக்கம் என்பது புரிந்தது. என்னிடம் இருக்கிற ஆதாரம் அவ்வளவுதான்.

அவள் என் நாத்தனார். என் கணவருக்கு ஒரே தங்கை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறாள், வீட்டில் இன்னும் 'வாலு'தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். வரவேற்புகளிலும் நிறுவன விருந்துகளிலும் பாட்டுக் கச்சேரி செய்கிற ஒரு குழுவில் பேஸ் கித்தார் வாசிக்கிறாள்.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு இதை எழுத ஆசையே இல்லை. நான் வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். வீடு மாறப்போகிற ஒரு பெண், சாமான்களைக் கட்டிக்கொண்டே இருப்பாள். கோப்பைகளைத் தாளில் சுற்றுகிற இடம் வரை வந்திருந்தேன். அந்தக் கதை இப்போது என் மேஜை மேல்தான் இருக்கிறது. அதன் மேல் ஒரு தலையணை. தலையணை மேல் பேஸ் கித்தார். இந்த வீட்டில் ஆடாமல் நிற்கிற மேஜை என்னுடையது ஒன்றுதான் என்பதால் இந்த ஏற்பாடு. அடியிலிருக்கிற கதையை உருவ முடியாததால் மேலே இருப்பதைப் பற்றி எழுதுகிறேன். சமையலறையில், முழங்கை இடிக்க, ஸ்டூல் மேல் தாளை வைத்துக்கொண்டு.

2

தொடக்கங்கள் பல முயன்று பார்த்தேன்.

"அன்று காலை கண் விழித்தபோது, தன் வாழ்க்கையில் குறுக்கே நிற்கும் தடைகளை எல்லாம்…" (விட்டேன். வாழ்க்கையும் தடையும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எனக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.)

"பேஸ் கித்தார் என்பது நான்கு தடித்த தந்திகளைக் கொண்ட ஒரு…" (பாடப் புத்தகம். ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சரி, சொல்லித் தொலைக்கிறேன்.)

கித்தாரின் கழுத்துப் பலகையில் குறுக்கே வரிசையாக உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். அவற்றுக்குப் பெயர் ஃப்ரெட். ஒரு ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலை அழுத்தினால் தந்தி அதில் பட்டு, சரியான ஸ்வரம் பேசும். விரல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. ஸ்வரம் எங்கே என்று தீர்மானிப்பது ஃப்ரெட். அதைப் பிடுங்கிவிட்டால் அந்தத் தீர்மானம் விரல் தலையில் விழும். மயிரிழை தப்பினாலும் சுதி தப்பும். ஃப்ரெட் இல்லாமலே செய்த பேஸ் கித்தார்கள் கடையில் கிடைக்கும். சிலர் இருக்கிற கித்தாரிலிருந்தே ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி மாற்றிக்கொள்வார்கள். நல்ல கித்தாரைக் கெடுக்கிற வேலை என்று மற்றவர்கள் அதைச் சொல்வார்கள்.*

* பேஸ் வாசிப்பதே யாருக்கும் காதில் விழுவதில்லை, நிறுத்தினால்தான் 'என்னமோ குறையுதே' என்று திரும்பிப் பார்ப்பார்கள் என்று என் நாத்தனார் சொல்வாள். எங்கள் வீட்டில் நான் செய்கிற வேலைகளைப் பற்றியும் இதையே சொல்லலாம். ஆனால் இது என் கதை இல்லை.

ஆக, மூன்றாவது தொடக்கம். நான் வெளியே போய்விட்டு வீட்டுக்கு வந்தபோது என் அறையில் மரம் சூடான வாசனை. என் தலையணை மேஜை மேல். அதன் மேல் தந்திகள் கழற்றிய பேஸ் கித்தார் மல்லாந்து கிடந்தது. அவள் ஒரு கையில் சால்டரிங் கோலும் மறு கையில் குறடுமாகக் குனிந்திருந்தாள். என் பேனாக்கள் தரையில் கிடந்தன. பேனா வைக்கிற கோப்பையில் பிடுங்கிய ஃப்ரெட்டுகள், வெட்டிய நகங்கள் மாதிரி வளைந்து கிடந்தன.

"என்ன பண்றே?"

"பிடுங்கறேன் அண்ணி."

"அது தெரியுது. ஏன்?"

"முதல்ல சூடு பண்ணிக்கணும். அப்ப மரம் பேராம சுலபமா வருது."

ஏன் என்று கேட்டால் எப்படி என்று பதில் சொல்வது அந்தக் குடும்பத்தின் வழக்கம். என் கணவரிடம் "ஏன் லேட்டு?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே மாறினார் என்று விவரமாகச் சொல்வார். ஏன் லேட்டு என்பது கடைசி வரை தெரியாது. இத்தனை வருஷம் இவர்களோடு குடித்தனம் பண்ணிவிட்டு நான் கதை எழுதுகிறேன் என்றால், அதற்குக் காரணம் இதுதான் என்று சில சமயம் தோன்றும்.

3

கதைக்கு ஒரு 'ஏன்' வேண்டும். அவள் தராவிட்டால் நான்தான் செய்துகொள்ள வேண்டும். செய்தேன்.

[காரணம், ஒன்று: அவளுக்கு ஒரு காதல் இருந்தது. அவன்தான் அந்த கித்தாரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். அவன் கைபட்ட ஒவ்வொரு ஃப்ரெட்டையும்…]

[காரணம், இரண்டு: மருத்துவர் அவளிடம் ஏதோ சொல்லியிருந்தார். அதன் பிறகு அவளுக்கு…]

எழுதிய தாள்களை ஸ்டூல் மேல் விட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்தால், தண்ணீர் குடிக்க வந்தவள் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, எனக்கு என்ன வியாதி?"

"இன்னும் முடிவு பண்ணலை."

"சாகற வியாதியா?"

"சொன்னேனே, முடிவு பண்ணலைன்னு."

"காதல்னு வேற போட்டிருக்கீங்க. இந்த கித்தாரை அண்ணன்கூடப் போய் நானே வாங்கினேன். கடைக்காரர் தூங்கிக்கிட்டிருந்தார், எழுப்பி வாங்கினோம். அதை எழுதுங்களேன்."

"அதுல என்ன கதை இருக்கு?"

"எனக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு சோகம்? பொம்பளை ஒரு வேலை பண்ணினா, பின்னாடி ஒருத்தன் ஓடிப்போயிருக்கணுமா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எரிச்சலாக வந்தது. நான் உண்டாக்கிய மனிதர்கள் யாரும் தண்ணீர் குடிக்க வந்து என்னைத் திருத்தியதில்லை.

"அப்ப நீயே சொல்லு. ஏன் பிடுங்கினே?"

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அதைப் பார்க்க எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு, "குறடு கொஞ்சம் மழுங்கலா இருந்தது. நல்லதா இருந்திருந்தா ஓரத்துல அந்த ரெண்டு சில்லு பேர்ந்திருக்காது" என்றாள்.

4

என் கணவர் செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறார். விழுந்த பல்லுக்குப் பதில் பல். பக்கத்துப் பல்லின் நிறம், அதன் மங்கல், அதிலிருக்கும் கீறல், எல்லாம் பார்த்துப் பொருத்துவார். பொருத்தியது எது, சொந்தப் பல் எது என்று கண்ணாடியில் பார்க்கிறவருக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் வேலை தோல்வி. இந்தக் கொள்கையோடு ஒரு மனிதன் இருபத்தைந்து வருஷம் வாழ்ந்தால் எப்படி ஆவான் என்பதற்கு என் வீட்டில் மாதிரி இருக்கிறது.

(பல் பிடுங்குவதும் ஃப்ரெட் பிடுங்குவதும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. நான் இந்த உவமையைத் தேடிப் போகவில்லை. அது என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு என் வீட்டிலேயே தூங்குகிறது. நான் என்ன செய்ய?)

ஃப்ரெட்டுகளைப் பிடுங்கியதும் பலகையில் குறுக்கே மெல்லிய பள்ளங்கள் தெரிந்தன. அவற்றை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் கழுத்து வளைந்துவிடும் என்றாள். இரவல் கித்தாரோடு ஒத்திகைக்குப் போக அவளுக்கு நேரமாகிவிட்டது.

"அண்ணா, நீ இதை அடைச்சு வெச்சிடறியா? உனக்குத்தான் கை நல்லா வரும்."

"போய்ட்டு வா. வந்து பாரு."

அந்த மனிதர் அன்றைக்கு மாதிரி சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பலகையின் ஒரு மூலையில் லேசாகத் தேய்த்து மரத்தூள் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பசையில் குழைத்தார். நிறம் சற்று வெளிறியிருக்கிறது என்று கறுப்புத் தூள் ஒரு சிட்டிகை சேர்த்தார். காய்ந்தால் நிறம் மாறும் என்று தனியாக ஒரு துண்டில் தடவிக் காயவைத்துப் பார்த்தார். திருப்தியான பிறகுதான் பள்ளங்களில் இட்டார். உப்புத்தாளால் தேய்த்தார், கன்னத்தை வைத்துப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். கூப்பிட்டால் திரும்பவில்லை. எனக்கு ஒரு பேனா வேண்டியிருந்தது, அதைக்கூட எடுக்க விடவில்லை.

அவள் வந்தாள். மேஜையருகே போய் நின்றாள். குனிந்தாள். பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"கோடு எங்கண்ணா?"

"எந்தக் கோடு?"

"ஃப்ரெட் இருந்த இடத்துல… கோடு. வெள்ளையா."

"அதான் இல்லையே!" என்றார், முகமெல்லாம் பல்லாக. "தேடு பார்க்கலாம். பூதக்கண்ணாடி வேணா தரேன்."

"அண்ணா. அது தெரியணும்ண்ணா."

"எது?"

"எல்லாரும் வெளிர் மரத்துலதான் அடைப்பாங்க. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் விரலை வைக்கணும். இல்லைன்னா எனக்கு எப்படித் தெரியும், எது எங்க இருக்குன்னு?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடைத்த இடம் தெரிய வேண்டும் என்று யாராவது விரும்புவார்கள் என்பதே அவருக்குப் புதிய செய்தி. "அடைச்சிடுன்னுதானே சொன்னே" என்றார். "ஆமா, சொன்னேன்" என்றாள் அவள். இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன்? நான் ஒரு பேனா கேட்டேன்.

5

பலகை இப்போது ஒரே பழுப்பாக, ஒரு அடையாளமும் இல்லாமல் இருந்தது. அழகாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். யாரும் பாராட்டாததால் நான் பாராட்டினேன். என் கணவர் உப்புத்தாளை மடித்து வைத்தார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. கழுத்தின் ஓரத்தில், வாசிக்கிறவர் மட்டும் பார்க்கிற மாதிரி சின்ன வெள்ளைப் புள்ளிகள் உண்டு. "அதைப் பார்த்து வாசியேன் வாலு. எதுக்கு இவ்வளவு அழுகை?"

அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் இருப்பவை. முன்பு அது சரி, நடுவில் எங்கே அழுத்தினாலும் ஃப்ரெட் பார்த்துக்கொள்ளும். இப்போது புள்ளிக்கு நேராக அழுத்தினால் ஒரு ஸ்வரமும் இல்லாமல் அடுத்ததும் இல்லாமல், இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சுவரில் போய் முட்டும். அவள் வாசித்துக் காட்டினாள். எனக்கே பல் கூசியது. அவர் பல் கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்ததாக அவளே ஒன்று செய்தாள். புத்தகங்களில் பக்க அடையாளத்துக்கு நான் வைத்திருக்கும் மஞ்சள் ஒட்டுத்தாளை (என்னைக் கேட்காமல்) மெல்லிசாக வெட்டினாள். ஃபோனில் சுதி காட்டும் டியூனரை வைத்து ஒவ்வொரு ஸ்வரத்தின் இடத்தையும் கண்டுபிடித்துக் கோடு கோடாக ஒட்டினாள். இனிமேல் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். என் மேஜை திரும்பக் கிடைக்கும் என்று ஒரு கணக்கு.

வாசித்தாள். எல்லா ஸ்வரமும் ஒரு இழை கீழே. கோடு சரியான இடத்தில் இருந்தது, டியூனர் பொய் சொல்லவில்லை. ஆனால் கோட்டைப் பார்த்ததும் அவள் விரல் அதற்குப் பின்னால் போய் நின்றது. இத்தனை வருஷம் ஃப்ரெட்டுக்குப் பின்னால் நின்று பழகிய விரல் அது. இப்போது கோட்டின் மேலேயே நிற்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? அவள் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு, விரலைப் பிடித்து இழுத்துக் கோட்டின் மேல் வைத்தாள். அடுத்த பாட்டிலேயே அது பழைய இடத்துக்குப் போய்விட்டது.

நாள் முழுக்க என் அறையிலிருந்து இந்தச் சத்தம். ஒரு ஸ்வரம், "ப்ச்", மறுபடி அதே ஸ்வரம், "ப்ச்". அவள் எங்கே தப்பு செய்கிறாள் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. நான் இதுவரை சங்கீதத்தில் ஆர்வம் காட்டியவள் இல்லை. இந்தக் கதைக்காக எனக்குக் காது முளைத்ததை நினைத்தால் கோபமாக வருகிறது.

ஒருநாள் மாலை "ப்ச்" கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தாள்களையெல்லாம் உரித்துப் போட்டிருந்தாள். ஓரத்துப் புள்ளிகளைக் கறுப்பு மார்க்கரால் (அதுவும் என்னுடையது) மூடியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பாதிதான் சரி. ஆனால் தப்பாக விழுந்த ஒவ்வொன்றையும் விரல் உடனே நகர்ந்து போய் எட்டிப் பிடித்தது. பிறகு ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கொண்டு போனாள். போகிற வழியில், பாதியில், நின்றாள். அங்கேயே நின்றாள்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"இந்த இடம் இங்கயேதான் இருந்திருக்கு அண்ணி. நான் இத்தனை வருஷமா தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்."

இந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. நான் எழுதியிருந்தால் இவ்வளவு தோதாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டு அடித்திருப்பேன். அவளேதான் சொன்னாள், சொல்லிவிட்டுத் தும்மினாள். மரத்தூள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அவள் அண்ணன் தப்பாக அடைத்தாரே, அது நல்லதாகப் போய்விட்டது என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோடு இருந்தால் விரல் கோட்டுக்குப் பின்னாலேயே கிடந்திருக்கும். ஆனால் அதை அவரிடம் சொன்னால் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவார் என்பதும் அவளுக்குத் தெரியும். (இது அவள் முகத்தைப் பார்த்து நான் எழுதுவது. மேலே ஒன்றாவது பகுதியில் சொன்ன அதே ஆதாரம்.)

6

மாஸ்டரைப் பற்றிச் சொல்லவில்லை. குழுவின் தலைவர், கீபோர்டு வாசிப்பவர். ஒத்திகையில் இரண்டு தடவை அவளை முறைத்தவர், மூன்றாவது தடவை வீட்டுக்கே வந்துவிட்டார். நேராக என் அறைக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு, "உட்காரலாமில்லம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"வாசி" என்றார் அவளைப் பார்த்து.

வாசித்தாள். அவர் முன்னால் வாசித்ததாலோ என்னவோ, கண்ணைத் திறந்துகொண்டு வாசித்தாள்.

"என்னம்மா இது? கடைசிப் படி இருக்குன்னு நினைச்சு காலை வெச்சா இல்லாமப் போகுமே, அந்த மாதிரி இருக்கு."

"பழகிட்டு வரேன் மாஸ்டர்."

"பழகு. யார் வேணாங்கறா? உன் வீட்டுல பழகு. சனிக்கிழமை கச்சேரி. ஹால்ல முந்நூறு பேர் இருப்பாங்க."

"அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க மாஸ்டர்."

"பாடகி சாப்பிட மாட்டாங்களே? நீ சுதி தப்பினா அவங்களும் கூடவே வந்துடுவாங்க. போன ஒத்திகையில என்ன ஆச்சு? நான் ஒருத்தன்தான் ஊர்ல இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் பக்கத்து ஊருக்குப் போய்ட்டீங்க."

நான் சிரித்துவிட்டேன். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

"கம்பியைத் திருப்பி அடிச்சுக்கோ. இல்லைன்னா யார்கிட்டயாவது நல்ல கித்தார் வாங்கிட்டு வா. இதோடதான் வருவேன்னா வா, மேடை ஏறதுக்கு முன்னாடி ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டு. அதுல ஒரு ஸ்வரம் தப்பினாலும் கீழ போய் உட்கார்ந்துக்கோ. அன்னைக்கு மட்டும் இல்ல. அதுக்கப்புறமும் கீழதான்."

"அப்ப பேஸ் யாரு வாசிப்பா?"

அவர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். "கீபோர்டுலயே அந்தச் சத்தம் வருது. இது சும்மாதானே இருக்கு."

பதினைந்து வருஷம் அந்தக் குழுவில் வாசித்திருக்கிறாள். அதற்கு ஈடு, ஒரு மனிதனின் சும்மா இருக்கிற இடது கை. அவர் போன பிறகும் அவள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழுவைத் தவிர அவளுக்கு வேறு வேலை கிடையாது. அந்த அறையில் எங்கள் யாருக்கும் அதைச் சொல்லத் தேவைப்படவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

7

முடிவுகள்.

(அ) ஹால். விளக்குகள். அவள் கண்ணை மூடி வாசிக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்துகிறார்கள். கடைசி ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போய் நிற்கும்போது முந்நூறு பேரும் எழுந்து…

அவளிடம் காட்டினேன். "எழுந்து கை கழுவப் போவாங்க அண்ணி" என்றாள்.

(ஆ) அண்ணன் ஃப்ரெட்டுகளைத் திரும்பப் பதிக்கிறான். அதே கை, அதே பொறுமை. பிடுங்கிய தடமே தெரியவில்லை. அவள் பழையபடி வாசிக்கிறாள், ஒன்றுமே நடக்காதது மாதிரி. மாஸ்டரின் இடது கை மறுபடி சும்மா இருக்கிறது.

இதை என் கணவர் படித்தார். அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "இப்படியே முடிச்சிடேன். நல்லாத்தானே இருக்கு?"

"ஏங்க, இது அவ கதை."

"நான் பதிக்கறேன்னு எழுதியிருக்கியே, அப்ப என் கதையும்தானே?"

அவள் இதையும் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். வியாதி என்று எழுதியபோதுகூட கிண்டலடித்தவள். இதற்கு ஒன்றும் சொல்லாததால் இந்த முடிவை நான் பயன்படுத்தவில்லை.

(இ) அவள் மாஸ்டரிடம் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள், பெண்களை நீங்கள்… (வேண்டாம். அவர் ஆண்களையும் இப்படித்தான் நடத்துகிறார். டிரம்ஸ்காரர் போன மாதம் அழுதாராம்.)

(ஈ)

ஈ-யை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எரிச்சலில் சொல்லவில்லை. சரி, எரிச்சலில்தான் சொல்கிறேன். ஹாலில் என்ன நடந்தது என்பதை எழுத எனக்கு அந்த இடத்தில் ஒரு நாற்காலியும் இல்லை. மேடை ஏறுவதற்கு முன் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார், அவள் ஒரு பாட்டு வாசித்திருப்பாள். அந்தப் பாட்டின் முதல் ஸ்வரம் எங்கே விழுந்தது என்பதுதான் கதை முடிவு என்றால், உங்களுக்கும் காது இருக்கிறது. என்னிடம் இருப்பது அதற்கு முன்னால், சனிக்கிழமை மதியம், என் அறையில் நடந்தது மட்டும்தான்.

8

என் கணவர் பல் கூடத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். கையில் ஒரு பை. அதிலிருந்து ஒரு சின்னக் குழாய்ப் பசையும், கைப்பிடி வைத்த விளக்கு ஒன்றையும் எடுத்து மேஜை மேல், என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். விளக்கைத் தட்டினார். நீல வெளிச்சம்.

"இது பல்லுக்குப் போடற வெள்ளை. இந்த வெளிச்சத்தைக் காட்டினா அப்பவே கல்லு மாதிரி ஆயிடும். காயவே வைக்க வேணாம்" என்றார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார் போல. "நான் அடைச்சதைப் பிடுங்கக்கூட வேணாம். அது மேலேயே கத்தியால ஒரு கீறல், மெல்லிசா. அதுல இந்த வெள்ளை. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கோடு. நல்லாத் தெரியற மாதிரி. ஹால் கடைசியிலேருந்து பார்த்தாக்கூடத் தெரியற மாதிரி போட்டுத் தரேன் வாலு. வேன் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வேலையைத் தெரிகிற மாதிரி செய்து தருகிறேன் என்கிறார் அந்த மனிதர். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

ஃபோன் அடித்தது. அவள் கை கித்தார் மேல் இருந்ததால் நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"வேன் கிளம்பிடுச்சும்மா. என்ன, கம்பி அடிச்சாச்சா?" மாஸ்டர்.

"கோடு போடறோம் சார்" என்றார் என் கணவர் முந்திக்கொண்டு. "வெள்ளைக் கோடு. இனிமே தப்பாது."

"கோடாவது போடுங்க. ஏதோ ஒண்ணு கண்ணுக்குத் தெரியட்டும். ஏம்மா, கேக்குதா?"

அவள் ஒரு தந்தியை மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"போட்டுக்கயேன்" என்றேன் நான். ஆமாம், நானும்தான். மஞ்சள் தாளோடு அவள் பட்டதை நாள் முழுக்கக் கேட்டவள் நான் ஒருத்திதான். கோடு அவளுக்கு எதிரி என்று அந்த அறையில் அவளைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் சொன்னேன். பயத்தில் சொன்னேன். மாஸ்டரின் அந்த இடது கை என் கண்ணிலேயே நின்றது.

அப்போதுதான் அவள் அந்த முகத்தை வைத்துக்கொண்டாள், இந்தக் கதையின் முதல் வரியில் வருகிற முகத்தை.

என் கணவர் கத்தியை எடுத்தார். நீல விளக்கை என்னிடம் பிடிக்கக் கொடுத்தார், நான் பிடித்துக்கொண்டேன். அவள் இடது கையைக் கழுத்துப் பலகையின் மேல் நீளவாக்கில் வைத்தாள். மறைக்கிற மாதிரி இல்லை, காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"வேண்டாம்ண்ணா."

"ஏன்?" என்றார் அவர்.

அந்தக் குடும்பத்தில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து 'ஏன்' என்று கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஃபோனில் மாஸ்டர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் காத்திருந்தேன். அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மூன்றாவது பகுதியில் நான் விட்டுவைத்த இடம் நிரம்பிவிடும்.

அவள் கித்தாரைத் தூக்கினாள். அதற்கு அடியிலிருந்த தலையணையை எடுத்து, தூசியைத் தட்டி, என்னிடம் நீட்டினாள். கித்தாரை அதன் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வேண்டாம்ண்ணா" என்றாள் மறுபடியும், இன்னும் மெதுவாக.